‘கேரனேட்’ என்ற ராக்கெட் கப்பல்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

என் மேசைக்கு மேலே உள்ள அலமாரியில் அட்டையிலும் மெல்லிய மரத்திலும் நானே செய்த ஒரு கப்பல் மாடல் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். சாதாரணப் போர்க்கப்பல் என்று நினைத்துக் கிட்டே போவார்கள். மேல்தளத்தில் வரிசையாக நிற்கும் இரட்டைக் குழல்களைக் கண்டதும் கேள்விகள் வரும். மாடல் செய்கிற நண்பர்களும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அரைகுறையாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

இது என்ன கப்பல்ங்க? போர்க்கப்பல் மாதிரியும் இல்ல, சரக்குக் கப்பல் மாதிரியும் இல்லையே?

போர்க்கப்பல்தான். அமெரிக்கக் கடற்படையின் யு.எஸ்.எஸ். கேரனேட். கரையை ஒட்டி வந்து நின்று, கரையில் இறங்கப்போகும் படைகளுக்காக ராக்கெட்டுகளைப் பொழிவதற்கென்றே வடிவமைத்த கப்பல் இது. சியாட்டில் நகரத்தில் 1952 நவம்பரில் கட்டத் தொடங்கினார்கள். 1953 மே 26 அன்று தண்ணீரில் இறக்கினார்கள். 1955 மே 25 அன்று கடற்படையில் சேர்ந்தது.

நீளம் 245 அடி, அகலம் சுமார் 39 அடி. டீசல் எஞ்சின். வேகம் 15 நாட், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டருக்குள். அன்றைய நாசகாரிக் கப்பல்கள் இதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் போகும். கரையோரத்தில் மெல்ல நகர்ந்துகொண்டு சுடவேண்டிய கப்பல் என்பதால் இந்த வேகமே போதும் என்று விட்டார்கள். ஆயுதங்கள் என்று பார்த்தால் ஒரு 5 அங்குல பீரங்கி, விமானங்களைச் சுட இரண்டு இரட்டைக் குழல் 40 மில்லிமீட்டர் பீரங்கிகள், எட்டு இரட்டைக் குழல் ராக்கெட் ஏவிகள்.

ராக்கெட்னா ஏவுகணைதானே? பேப்பர்ல ரெண்டையும் ஒண்ணாத்தானே எழுதறாங்க?

இரண்டும் ஒன்றல்ல. ஏவுகணைக்கு வழிகாட்டும் கருவி உண்டு, பறக்கும்போதே தன் பாதையைத் திருத்திக்கொள்ளும். கேரனேட் ஏவிய ராக்கெட்டில் அப்படி எதுவும் கிடையாது. குழலை எந்தப் பக்கம், எந்தக் கோணத்தில் திருப்பி வைத்தார்களோ அந்தப் போக்கில் போய் விழும். ஈழப் போர்ச் செய்திகள் படித்தவர்களுக்கு ‘பல்குழல்’ என்ற சொல் தெரிந்திருக்கும். அந்த வகைதான் இது, லாரிக்குப் பதிலாகக் கப்பல்மேல் நிற்கிறது, அவ்வளவுதான்.

அதான் பெரிய பெரிய பீரங்கிக் கப்பல் இருக்கே, ராக்கெட் எதுக்கு?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் இந்தக் கப்பலே புரிந்துவிடும். கடலிலிருந்து படகுகளில் போய்க் கரையைப் பிடிப்பதில் ரொம்ப ஆபத்தானது கடைசிச் சில நிமிடங்கள். தொலைவில் நிற்கும் பெரிய கப்பல்கள் மணிக்கணக்கில் கரையை அடித்துக்கொண்டிருக்கும். படகுகள் கரையை நெருங்கியதும் தங்கள் ஆட்கள்மேலேயே குண்டு விழுந்துவிடும் என்று அவை சுடுவதை நிறுத்தியாக வேண்டும். அந்த இடைவெளியில் பதுங்கு குழிக்குள் இருப்பவன் தலையைத் தூக்கி, இயந்திரத் துப்பாக்கிக்குத் திரும்பிவிடுவான். 1943 நவம்பர் 20 அன்று பசிபிக்கில் தராவா தீவில் இது நடந்தது. குண்டுவீச்சு நின்றது, படகுகள் வந்துசேரத் தாமதமானது, ஜப்பானியர்கள் சுதாரித்துக்கொண்டார்கள். மூன்று நாள் சண்டையில் அமெரிக்கப் பக்கம் ஆயிரம் பேருக்குமேல் இறந்தார்கள்.

அந்த இடைவெளியை அடைக்க, படகுகளோடு சேர்ந்து கரைக்குக் கிட்டே வரக்கூடிய சிறிய கப்பல் வேண்டும். ஆனால் சிறிய கப்பலில் பெரிய பீரங்கிகளை வரிசையாக ஏற்ற முடியாது. சுடும்போது வரும் பின்னுதையை உடற்கட்டு தாங்காது. ராக்கெட்டுக்குப் பின்னுதை கிட்டத்தட்ட இல்லை, புகையும் நெருப்பும் பின்பக்கமாக வெளியேறிவிடும். அதனால் லேசான கப்பல்கூடச் சில நிமிடங்களுக்கு ஒரு பெரிய கப்பல் அளவுக்கு வெடிமருந்தைக் கொட்ட முடியும். இந்தச் சில நிமிட வேலைக்காகத்தான் ஒரு முழுக் கப்பலைக் கட்டினார்கள்.

இந்த யோசனை முதல்ல யாருக்கு வந்தது?

ராக்கெட்டைப் போரில் பெரிய அளவில் காட்டியவர்களில் மைசூர்ப் படையினர் முக்கியமானவர்கள். இரும்புக் குழாய்க்குள் மருந்து அடைத்த ராக்கெட்டுகள் அவர்களுடையவை. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் ஐதர் அலி, திப்பு படைகள் ஆங்கிலேயரின் ஒரு படைப்பிரிவையே அழித்தபோது அவை பயன்பட்டன. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு மைசூர் ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. அங்கே வில்லியம் காங்கிரீவ் அதை வளர்த்தெடுத்தார். அவருடைய ராக்கெட்டுகளைப் படகுகளிலிருந்து 1806இல் பிரான்சின் புலோன் துறைமுகத்தின்மேல் ஏவினார்கள். 1814இல் எச்.எம்.எஸ். எரிபஸ் என்ற கப்பல் பால்டிமோர் நகரக் கோட்டைமீது ராக்கெட் ஏவியது. ராக்கெட் கப்பல் என்றால் அதைத்தான் மூத்தது என்பேன்.

பிறகு பீரங்கிகள் துல்லியமாகிவிட்டன, ராக்கெட்டை நூறு வருடத்துக்குமேல் பெரிதாக யாரும் சீந்தவில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷார் டேங்க் இறக்கும் படகுகளில் ஆயிரத்துச் சொச்சம் ராக்கெட்டுகளை அடுக்கி, 1943இல் சிசிலியிலும் அடுத்த வருடம் நார்மண்டியிலும் பயன்படுத்தினார்கள். அமெரிக்கர்கள் 1944இல் 203 அடி நீள நடுத்தரத் தரையிறக்கக் கப்பல்களில் பன்னிரண்டை ராக்கெட் கப்பல்களாக மாற்றினார்கள். எல்.எஸ்.எம்.ஆர். என்று அவற்றுக்குப் பெயர். கேரனேட்டின் மூத்த சகோதரர்கள் இவர்கள்தான்.

ஒகினாவால இந்த மாதிரிக் கப்பல் நிறைய அழிஞ்சதாமே?

பன்னிரண்டில் மூன்று மூழ்கின. 1945 மார்ச் கடைசியில் ஒகினாவாவையும் பக்கத்துத் தீவுகளையும் பிடிக்கப் போனபோது இவை தங்கள் வேலையை நன்றாகவே செய்தன. அதற்குப் பிறகு கொடுத்த வேலைதான் இவற்றுக்கானது அல்ல. தீவைச் சுற்றித் தொலைவில் ரேடார் காவல் நின்ற நாசகாரிகளுக்குத் துணையாக அனுப்பினார்கள். அடிபட்டவற்றை இழுத்து வரவும், விழுந்தவர்களைத் தூக்கவும், முடிந்த அளவு விமானங்களைச் சுடவும். ஜப்பானியத் தற்கொலை விமானங்கள் முதலில் வருவது அந்த இடத்துக்குத்தான். மே 3 அன்று 195ஆம் எண் கப்பலும், மறுநாள் 190, 194ஆம் எண் கப்பல்களும் மூழ்கின.

வேகம் குறைவு, விமான எதிர்ப்பு பீரங்கிகள் கொஞ்சம், மேல்தளம் முழுக்க ராக்கெட். 195இல் விமானம் மோதியதும் கப்பலின் சொந்த ராக்கெட்டுகளே வெடித்துச் சிதறின. இதை எப்போது படித்தாலும் எனக்கு மனசு கனத்துவிடும். அந்த மாலுமிகள் எந்த வேலைக்குப் பழகியிருந்தார்களோ அந்த வேலையில் சாகவில்லை.

சரி, கொரியப் போர்ல கேரனேட் இருந்ததா?

இல்லை. தேதிகளைப் பாருங்கள். தண்ணீரில் இறங்கியது 1953 மே 26. கொரியாவில் சண்டை நின்றது அதே வருடம் ஜூலை 27. கப்பல் படையில் சேரும்போது அந்தப் போர் முடிந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது.

ஆனால் கேரனேட்டைக் கட்டத் தூண்டியதில் கொரியாவுக்குப் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். 1950 செப்டம்பர் 15 அன்று கொரியாவின் இஞ்சோனில் அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் படைகளை இறக்கியபோது 401, 403, 404 என்ற மூன்று எல்.எஸ்.எம்.ஆர். கப்பல்கள் கரைமேல் ஆயிரக்கணக்கில் ராக்கெட் பொழிந்தன. தரையிறக்கக் கப்பலின் வடிவத்தை மாற்றியமைத்தே இவ்வளவு முடிகிறதென்றால், முதலிலிருந்தே இதற்காகக் கட்டினால் என்ன என்று யோசிக்க அது நல்ல காரணம்தானே.

ஒரு நிமிஷத்துக்கு எத்தனை ராக்கெட் விடும்?

ஓர் ஏவி நிமிடத்துக்கு 30. எட்டு ஏவிகளும் சேர்ந்தால் 240. நொடிக்கு நாலு. ஒவ்வொரு ராக்கெட்டும் 5 அங்குல விட்டம், ஏறக்குறைய 50 பவுண்டு எடை. அப்படியானால் ஒரே நிமிடத்தில் ஐந்து டன்னுக்குமேல் கிளம்பிப் போகிறது. மாடலைக் காட்டி இந்தக் கணக்கைச் சொன்னால் யாரும் உடனே நம்புவதில்லை.

இந்த வேகம் எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவாரசியம். 1944இன் பன்னிரண்டு கப்பல்களில் பெரும்பாலானவற்றில் ராக்கெட்டை மேல்தளத்தில் தண்டவாளம் மாதிரி நிலையான தாங்கிகளில் கையால் வைக்கவேண்டும். ஒருமுறை ஏவிவிட்டால் மறுபடி அடுக்கி முடிக்க மணிக்கணக்காகும். குறி பார்க்கக் கப்பலையே திருப்பவேண்டும். அப்புறம் வந்த எல்.எஸ்.எம்.ஆர். கப்பல்களில் தானியங்கி ஏவிகள் வந்தன, கேரனேட்டில் இருந்தது அதற்கும் அடுத்த தலைமுறை. ஆட்கள் கீழ்த்தளத்தில் நின்று ராக்கெட்டுகளை ஏற்றிக்கொண்டே இருப்பார்கள், அவை மேலே குழலுக்குப் போகும், குழல் தானே திரும்பும், நிமிரும். சுடும்போது ஏவிகளுக்கு நடுவில் யாரும் நிற்கமாட்டார்கள். நின்றால் அந்த நெருப்பில் கருகிப்போவார்கள்.

ராக்கெட்டிலும் ஒரு மாற்றம் நடந்திருந்தது. பழையதற்கு வாலில் இறகுகள் இருக்கும். விமானத்திலிருந்து ஏவினால் விமானத்தின் வேகம் கைகொடுக்கும், இறகுகள் உடனே வேலை செய்யும். மெதுவாக நகரும் கப்பலிலிருந்து ஏவினால் முதல் நொடியில் காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். அதனால் இறகை எடுத்துவிட்டு, அடியில் புகை வெளியேறும் துளைகளைச் சாய்வாக வைத்தார்கள். ராக்கெட் பம்பரம் மாதிரிச் சுழன்றுகொண்டே கிளம்பும், அந்தச் சுழற்சியே அதை நேராக வைத்திருக்கும். இறகு இல்லாததால் குழலுக்குள்ளும் அடங்கியது, கீழிருந்து மேலே ஏற்றவும் வசதியானது.

அவ்ளோ செலவு பண்ணிக் கட்டிட்டு அஞ்சே வருஷத்துல ஏன் ஓரங்கட்டினாங்க?

1960 மே 31 அன்று பணியிலிருந்து விலக்கி, இருப்புக் கப்பல்களோடு கட்டி வைத்தார்கள். கப்பலில் கோளாறு எதுவும் இல்லை, காலம்தான் மாறிவிட்டது. அணுகுண்டு வந்த பிறகு நூற்றுக்கணக்கான கப்பல்களை ஒரே கரையில் குவிப்பதே ஆபத்து என்ற எண்ணம் வலுத்தது. கடற்கரையைத் தாண்டி ஹெலிகாப்டரில் ஆட்களை இறக்கலாம் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. புதுப் பணமெல்லாம் ஏவுகணைகளுக்கும் அணுசக்தி நீர்மூழ்கிகளுக்கும் போனது. இந்த வகையில் இரண்டாவது கப்பல் கட்டப்படவே இல்லை.

அப்புறம் எப்படி வியட்நாமுக்குப் போச்சு?

1965இல் வியட்நாமில் அமெரிக்கப் படைகள் பெருகியதும், நீண்ட கடற்கரையை ஒட்டிச் சுடுவதற்குக் கப்பல் தேவைப்பட்டது. பழைய போர்க்கப்பல்கள் குறைந்துவிட்டன. இருப்பில் கிடந்த கேரனேட்டை எடுத்து, அக்டோபர் 2 அன்று மறுபடி பணியில் சேர்த்தார்கள். அதோடு கிளாரியன் ரிவர், செயின்ட் பிரான்சிஸ் ரிவர், ஒயிட் ரிவர் என்ற மூன்று பழைய எல்.எஸ்.எம்.ஆர். கப்பல்களையும் எழுப்பினார்கள். நான்கும் சேர்ந்து 93ஆம் பிரிவு. தலைமைக் கப்பல் கேரனேட். இருப்பிடம் ஜப்பானின் யோகோசுகா துறைமுகம். அங்கிருந்து வியட்நாம் கடலுக்குப் போய் வாரக்கணக்கில் நிற்கும், பிறகு பழுது பார்க்கவும் ஓய்வுக்கும் திரும்பும்.

1966இலிருந்து நான்கு வருடம் இப்படி ஓடியது. எந்த வேலைக்குக் கட்டினார்களோ அந்தப் பெரிய தரையிறக்கம் இஞ்சோன் அளவுக்கு இங்கே வரவில்லை. கரையோரக் காட்டிலும் ஆற்று முகத்துவாரங்களிலும் எதிரி கூடியிருப்பதாகத் தகவல் வந்தால், சிறு விமானத்தில் பறப்பவர் வானொலியில் இடத்தைச் சொல்வார், கப்பல் சுடும். பல நாள் அந்த ஒற்றை 5 அங்குல பீரங்கிக்குத்தான் வேலை. ஆழம் குறைந்த கரையில் மற்ற கப்பல்களைவிடக் கிட்டே போக முடிந்ததே இவற்றின் பெரிய பலம்.

வழிகாட்டும் கருவி இல்லைன்னீங்க. அப்போ குறி தவறாதா?

தவறும். இது ஒரு புள்ளியைக் குறிபார்க்கும் ஆயுதம் இல்லை, ஒரு பரப்பையே அடிக்கும் ஆயுதம். ராக்கெட்டுகள் சிதறி விழும், அப்படிச் சிதறி விழத்தான் வைத்திருந்தார்கள். தூரமும் குறைவு. ராக்கெட் அதிகபட்சம் சுமார் 9 கிலோமீட்டர், அதே கப்பலின் 5 அங்குல பீரங்கி சுமார் 16 கிலோமீட்டர். சொந்தப் படை பக்கத்தில் இருந்தால் ராக்கெட்டைத் தொடமாட்டார்கள், பீரங்கியால்தான் சுடுவார்கள்.

வியட்நாமைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடக்கூடாது என்று நினைக்கிறேன். பெரிய தரையிறக்கத்தில் எதிரே இருப்பது பதுங்கு குழியும் கம்பிவேலியும். வியட்நாம் கரையில் மீனவக் கிராமங்களும் வயல்களும் இருந்தன. பரப்பை அடிக்கும் ஆயுதத்தால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. இந்தக் கப்பலின் பொறியியலை நான் எவ்வளவு ரசித்தாலும், அந்தக் கரையில் வாழ்ந்தவர்கள் அதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டியிருக்கிறது.

ஒரு படத்துல ஐ.எஃப்.எஸ். 1னு இருக்கு, இன்னொண்ணுல எல்.எஃப்.ஆர். 1னு இருக்கு. ரெண்டு கப்பலா?

ஒரே கப்பல்தான். முதலில் ‘கரையோரச் சூட்டாதரவுக் கப்பல்’ என்ற வகையின் குறி ஐ.எஃப்.எஸ். 1969 ஜனவரி 1 முதல் மற்ற மூன்று ராக்கெட் கப்பல்களோடு சேர்த்து எல்.எஃப்.ஆர். என்று மாற்றினார்கள். எண் 1 மாறவில்லை. மாடல் செய்கிறவர்கள் எந்த வருடத்துக் கப்பலைச் செய்கிறோம் என்று முதலிலேயே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

கேரனேட்னா என்ன அர்த்தம்? ஊர்ப் பேரா?

ஊர்ப் பெயரிலிருந்து வந்ததுதான், ஆனால் நேராக இல்லை. ஸ்காட்லாந்தில் ஃபால்கர்க் அருகே கேரன் என்ற இரும்பு ஆலை இருந்தது. 1770களில் அங்கே வார்த்த குட்டையான, வாய் அகன்ற கப்பல் பீரங்கிக்குக் கேரனேட் என்று பெயர் வந்தது. தூரம் போகாது, ஆனால் கிட்டத்தில் கனமான குண்டைப் போட்டுப் பிளந்துவிடும். எடை குறைவு என்பதால் சிறிய கப்பலிலும் ஏற்றலாம். மூன்றாவது கேள்விக்கான பதிலை மறுபடி படித்துப் பாருங்கள், பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

கடைசியில என்ன ஆச்சு? எங்கயாவது போய்ப் பார்க்க முடியுமா?

முடியாது. அமெரிக்கா வியட்நாமிலிருந்து படைகளைக் குறைக்கத் தொடங்கியதும் 1970இல் நான்கு கப்பல்களும் பணி முடித்தன. கேரனேட் ஜூலை 24 அன்று விலகியது. 1973 மே மாதம் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கினார்கள். 1974 செப்டம்பரில் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். இருபது வருடத்துக்கும் குறைவான வாழ்க்கை, அதிலும் ஓடிய வருடங்கள் பத்துதான். படங்களும் வரைபடங்களும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. என் மாடல் அவற்றைப் பார்த்துச் செய்தது.

அமெரிக்காகிட்ட மட்டும்தான் இருந்ததா? நம்ம கடற்படையில உண்டா?

எல்.எஸ்.எம்.ஆர். கப்பல்களில் இரண்டு 1958இல் மேற்கு ஜெர்மனிக்குப் போய் நாட்டர், ஓட்டர் என்ற பெயர்களில் ஓடின. ஒன்று 1960இல் தென் கொரியாவுக்குப் போனது.

ராக்கெட்டுக்கென்றே தனிக் கப்பல் இந்தியாவில் இல்லை. ஆனால் போலந்தில் கட்டி 1980களில் வாங்கிய கும்பிர் வகைத் தரையிறக்கக் கப்பல்களில் 18 குழல்கள் கொண்ட 140 மில்லிமீட்டர் ராக்கெட் ஏவிகள் இரண்டிரண்டு இருந்தன. டேங்க் இறக்கும் கப்பலே தனக்கு முன்னால் உள்ள கரையைத் தானே அடித்துக்கொள்ளும், அது சோவியத் வழக்கம். அந்த வகையில் ஐ.என்.எஸ். குல்தார் 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றது.

இவ்ளோ உபயோகம்னா இப்போ ஏன் யாரும் கட்டறதில்ல?

இந்தக் கப்பலின் பலமெல்லாம் கரைக்குக் கிட்டே நிற்பதில்தான் இருந்தது. இன்று கரையில் ஒரு லாரிமேல் இருக்கும் ஏவுகணை நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கப்பலையும் அடிக்கும். 9 கிலோமீட்டர் ராக்கெட்டை ஏவ, 15 நாட் வேகத்தில் அந்தக் கரையை நெருங்க எந்தத் தளபதியும் துணியமாட்டார். ஒகினாவாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள், வெடிமருந்து நிறைந்த மெதுவான கப்பலுக்கு ஓர் அடியே போதும்.

அதற்காகக் கப்பலிலிருந்து ராக்கெட் ஏவும் யோசனை செத்துவிடவில்லை. 2017 அக்டோபரில் கலிபோர்னியாவுக்கு அப்பால், யு.எஸ்.எஸ். ஆங்கரேஜ் என்ற தரையிறக்கக் கப்பலின் ஹெலிகாப்டர் தளத்தில் ஹைமார்ஸ் ராக்கெட் லாரி ஒன்றை நிறுத்தினார்கள். ஓடும் கப்பலிலிருந்து அது ஏவிய ராக்கெட் 70 கிலோமீட்டர் தள்ளி நிலத்தில் இருந்த இலக்கில் போய் விழுந்தது. அந்த ராக்கெட்டில் வழிகாட்டும் கருவி இருந்தது.